கூட்டத்தை வரைந்த பேனா

ஒரு தாளில் ஒருவரை வரைந்தால் அது உருவப்படம். பத்துப் பேரை வரைந்தால் காட்சி. இருநூறு பேரை வரைந்து, அவர்களில் யாரையும் நாயகராக்காமல் விட்டால் அது தனி வகை. அதற்குத் தமிழில் நிலைத்த பெயர் இல்லாததால் இங்கே 'கூட்டப் படம்' என்று சொல்லலாம். சந்தை, திருவிழா, ரயில் நிலையம், கல்யாண வீடு என்று மனிதர்கள் முண்டியடிக்கும் இடங்கள்தான் இதன் களம். பார்ப்பவர் எங்கிருந்தும் தொடங்கலாம். ஓரத்தில் தூங்குபவரும் நடுவில் கத்துபவரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருப்பார்கள். அண்மைக் காலத்தில் இத்தகைய படங்களைப் பலரும் வண்ண மார்க்கர்களால், ஒன்றை அடுத்து ஒன்றாக, வரிசையாக வரைகிறார்கள். மார்க்கர் வயதில் இளையது. கூட்டப் படமோ பல நூற்றாண்டு மூத்தது.

சீனாவின் சாங் சேதுவான் 12ஆம் நூற்றாண்டில் வரைந்த பட்டுச்சுருள் ஒன்று பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 25 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, நீளம் 5 மீட்டருக்கு மேல். ஆற்றங்கரை நகரம் ஒன்றின் படகோட்டிகள், கடைக்காரர்கள், சுமைகாரர்கள், கழுதைகள் எல்லாம் அதில் நூற்றுக்கணக்கில் நிறைந்திருக்கின்றன. ஐரோப்பாவில் பீட்டர் புருகேல் 1560இல் தீட்டிய சிறுவர் விளையாட்டுகள் ஓவியத்தில் 200க்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஏறத்தாழ 80 வகை விளையாட்டுகளை விளையாடுகிறார்கள். புத்தகத்தில் இந்த முறையை நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் ஜெர்மனியின் அலி மிட்குட்ச். சொல்லே இல்லாமல் நகரத்தைக் காட்டிய அவருடைய முதல் படநூல் 1968இல் வந்தது. கூட்டத்துக்குள் ஒரே ஒருவரைத் தேடச் சொல்லும் மார்ட்டின் ஹேண்ட்ஃபோர்டின் வாலி புத்தகம் 1987இல் வெளியாகி உலகெங்கும் விற்றது.

தமிழருக்கு இந்த மரபு வெளியிலிருந்து வந்ததல்ல. திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த முசுகுந்தன் கதை ஓவியம் இருக்கிறது. தேவருலகத்திலிருந்து தியாகராசரை முசுகுந்த சோழன் பூமிக்குக் கொண்டுவரும் கதை அது. ஓவியரின் கை கதையைவிட ஊர்வலத்தில்தான் அதிகம் தோய்ந்திருக்கிறது. யானைகள், பல்லக்குகள், மேளக்காரர்கள், நடனப் பெண்கள், வாணவேடிக்கை எல்லாம் பட்டை பட்டையாகப் பிரித்த தளத்தில் அடுத்தடுத்து வருகின்றன. ஒவ்வொரு பட்டையிலும் இன்னது நடக்கிறது என்று தமிழில் எழுதப்பட்டிருக்கிறது. சிங்காதனம் என்ற ஓவியர் தம் உருவத்தையும் பெயரையும் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார். தென்னிந்திய ஓவியர்களில் பெரும்பாலோர் பெயரில்லாமல் மறைந்துபோன காலத்தில் இது அரிய செயல். கூட்டப் படம் வரைபவர் தம்மையும் கூட்டத்தில் ஒருவராக ஆக்கிக்கொள்ளும் வழக்கம் மார்க்கர் காலத்திலும் தொடர்கிறது.

இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தின் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களிலும் போர்க்களமும் அரசவையும் ஆட்களால் நிரம்பி வழிகின்றன. சுவருக்கும் விதானத்துக்கும் அரசன் காசு கொடுத்தான். அச்சு வந்த பிறகு அந்தச் செலவைப் பத்திரிகைகள் ஏற்றுக்கொண்டன. தமிழ்நாட்டில் தஞ்சாவூரில் பிறந்த கோபுலு ஆனந்த விகடனில் கோயில் பிராகாரங்களையும் கச்சேரி மண்டபங்களையும் கல்யாணப் பந்திகளையும் ஆட்களால் நிறைத்துக் காட்டினார். மலாயாவில் அதே வேலையைச் செய்தவர்கள் செய்தித்தாள் கேலிச்சித்திரக்காரர்கள்.

மலாய்க் கேலிச்சித்திரத்தின் தொடக்கமாகப் பொதுவாகக் காட்டப்படுவது 1939இல் சிங்கப்பூரில் தொடங்கிய உத்துசான் சமான் வார இதழின் 'வாக் கெத்தோக்'. அப்துல் ரஹிம் காஜாய் எண்ணத்தைத் தர, அலி சானாட் வரைந்தார். மலாய்ச் சமூகத்தை விழிக்கச் செய்வதே அதன் நோக்கம். பிற இனத்தார் அதில் பெரும்பாலும் கேலிக்கு இலக்காகவே வந்தார்கள். பின்னர் ராஜா ஹம்சாவும் ரெஜாபாட்டும் பத்திரிகைகளில் குடும்பக் கதைகளையும் பேய்க்கதைகளையும் வரைந்து பெயர் பெற்றார்கள். கூட்டத்தை முழுப் பொருளாக எடுத்தவர் அவர்களுக்கு அடுத்த தலைமுறைக்காரர்.

அவர் லாட். இயற்பெயர் முகமது நோர் காலித். 1951 மார்ச் 5 அன்று பேராக் மாநிலத்தின் கோப்பெங் வட்டாரக் கிராமத்தில் பிறந்தார். 13 வயதில் அவர் எழுதி வரைந்த 'தீகா செகாவான்' என்ற சித்திரக்கதையைப் பினாங்கின் சினாரான் பிரதர்ஸ் பதிப்பகம் 1964இல் வெளியிட்டது. வரைந்தவர் பெரியவர் என்று எண்ணித்தான் பதிப்பகத்தார் ஏற்றார்களாம். கிடைத்த சன்மானம் 25 வெள்ளி. ஈப்போ ஆண்டர்சன் பள்ளியில் படித்து முடித்துக் கோலாலம்பூருக்கு வந்தபோது பத்திரிகையில் ஓவியர் வேலை காலியாக இல்லை. குற்றச் செய்தி நிருபர் வேலை இருந்தது, அதில் சேர்ந்தார். காவல் நிலையம், பிணவறை, நீதிமன்ற வாசல் என்று நாள் முழுதும் அலையும் வேலை அது. இனம் பார்க்காமல் எல்லா வகை மனிதரையும் அருகில் நின்று பார்க்க அதைவிடச் சிறந்த பயிற்சி கிடைத்திருக்காது.

1974இல் மலாய்ச் சிறுவனின் சுன்னத்துச் சடங்கைப் பற்றி அவர் வரைந்த 'பெர்சுனாட்' ஹாங்காங்கிலிருந்து வந்த ஏஷியா மேகசினில் அச்சானது. அதைப் பார்த்து வியந்த நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் தலைமை ஆசிரியர் லீ சியூ யீ, வரைந்தவர் தம் நிறுவனத்திலேயே நிருபராக இருக்கிறார் என்பதைப் பிறகுதான் அறிந்தார். அதன் விளைவு 'மலேசிய வாழ்க்கைக் காட்சிகள்' என்ற தொடர். நிறுவனம் அவரை 1975இல் லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் ஓவியப் பள்ளிக்குச் சில மாதங்கள் அனுப்பியது. திரும்பி வந்து அரசியல்வாதிகளையும் வரையத் தொடங்கினாலும், கல்யாண வீடு, பெருநாள், கடைத்தெரு, பேருந்து நிறுத்தம் என்ற பழைய களத்தை அவர் கைவிடவில்லை. 1979இல் வந்த 'கம்போங் பாய்' முதல் அச்சில் 60,000 பிரதிகளுக்கு மேல் போட்டும் நான்கு மாதங்களுக்குள் தீர்ந்துபோனது. 1994இல் டத்தோ பட்டமும் 2002இல் ஃபுக்குவோக்கா ஆசியப் பண்பாட்டுப் பரிசும் அவரைத் தேடி வந்தன.

லாட்டின் கோடுகள் பெரும்பாலும் கறுப்பு மையில் அமைந்தவை. நிறம் அட்டைகளிலும் சில தனிப் படங்களிலும்தான். இருந்தாலும் மலேசியாவில் இன்று வண்ணத்தில் கூட்டம் வரையும் எவரும் அவருடைய நிழலைத் தாண்டி வந்துவிட முடியாது. மூன்று வளைவில் முடிந்துவிடும் மூக்கு, பரட்டைத் தலை, தொப்பை, சரிந்த சாரோங் என்று ஆளுக்கு ஓர் அடையாளம் கொடுத்து அதோடு நகர்ந்துவிடும் சிக்கனம் அவருடையது. 1969 மே கலவரத்துக்குப் பிறகு இனங்களைப் பற்றிச் சிரிப்பது ஆபத்தான விஷயமாக இருந்த நாட்டில் தமிழர், சீக்கியர், சீனர், மலாய்க்காரர் எல்லோரையும் ஒரே கட்டத்துக்குள் நிறுத்தி, ஒருவரை மட்டும் கோமாளியாக்காமல் எல்லோரையும் சமமாகக் கேலி செய்தார். வாக் கெத்தோக்கின் காலத்திலிருந்து பார்த்தால் இதுதான் பெரிய மாற்றம். கூட்டப் படத்தின் இலக்கணமே இதற்குத் துணை நின்றது. நாயகரே இல்லாத படத்தில் துணைப் பாத்திரம் என்று யாரும் இருக்க முடியாது.

லாட்டுக்கு மூத்தவராக இந்தியாவில் இதே பாதையில் நடந்தவர் மாரியோ மிராண்டா. 1926இல் டாமனில் பிறந்து கோவாவின் லோட்டோலியில் வளர்ந்தார். வீட்டுச் சுவரில் கிறுக்கிய பிள்ளைக்குத் தாய் வெற்று நோட்டுப் புத்தகம் வாங்கித் தந்தார். அது நாட்குறிப்பாகி, ஊரின் பாதிரியார், நாய், கல்யாணம், சாவு எல்லாம் படமாகவே பதிவாயின. மும்பையின் கஃபே மாண்டகர் சுவர்களில் அவர் நிரப்பிய மும்பை வாழ்க்கையைப் பீர் குடிக்க வருபவர்கள் இன்றும் தலை நிமிர்த்திப் பார்க்கிறார்கள். 2011 டிசம்பரில் அவர் மறைந்தார். மறு ஆண்டு பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. இருவருமே முதலில் தங்கள் ஊரை வரைந்து, பிறகு நகரத்தை வரைந்தவர்கள். ஊரில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிந்த கண், நகரத்தில் முகம் தெரியாதவர்களையும் அப்படியே பார்த்தது.

இனிக் கருவிக்கு வரலாம். மையை உள்ளே தேக்கி, கம்பளி நுனி வழியாகக் கசியவிடும் பேனாவுக்கு அமெரிக்காவின் லீ நியூமன் 1910இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். சந்தையில் அது நிலைக்கவில்லை. 1953இல் சிட்னி ரோசந்தால் ஒரு கண்ணாடிப் புட்டியில் மை நிரப்பி, கம்பளித் திரியும் நுனியும் பொருத்தி விற்ற 'மேஜிக் மார்க்கர்' தான் பொதுமக்களிடம் சென்றது. மலேசியப் பள்ளிகளில் எந்த நிறுவனத்தின் மார்க்கரையும் 'மேஜிக் பேனா' என்று அழைத்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அடுத்த பெரிய மாற்றம் ஜப்பானில் நிகழ்ந்தது. யுகியோ ஹோரியே 1962இல் கம்பளிக்குப் பதிலாகச் செயற்கை இழைகளைக் கட்டாக இறுக்கி, பிசின் ஊட்டி, கூர்மையாகச் சீவினார். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் இழைகளுக்கு இடையிலுள்ள நுண்புழைகளில் மை தானாக ஏறி வரும். 1963இல் 'பென்டெல் சைன் பென்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தபோது ஜப்பானில் பெரிய வரவேற்பு இல்லை. அமெரிக்காவில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையில் ஒன்று சேர்ந்தது, நாசாவின் ஜெமினி விண்கலத்திலும் ஏறியது. எடையற்ற வெளியிலும் மையை இழுப்பது புவியீர்ப்பு அல்ல, நுண்புழை என்பதால் அது அங்கேயும் எழுதியது. அதன் பிறகு வியாபாரத்துக்குக் குறைவில்லை.

ஓவியருக்கு இதில் முக்கியமானது கோட்டின் தன்மை. தூரிகையும் நனைத்து எழுதும் பேனாவும் அழுத்தத்துக்கு ஏற்பத் தடிக்கும், மெலியும். கை தேர்ந்தவருக்கு அது வரம், மற்றவருக்குத் தலைவலி. இழை நுனி எங்கும் ஒரே தடிமனில் ஓடும். மைப்புட்டி கவிழாது. பேருந்தில் உட்கார்ந்தும், நின்றுகொண்டும், முழங்காலில் நோட்டை வைத்துக்கொண்டும் வரையலாம். கூட்டத்தை வரைபவர் கூட்டம் இருக்கும் இடத்துக்கே போக இது வழி செய்தது. விலையும் குறைவு. ஓவியப் பள்ளிக்குப் போகாதவர்களும் இத்துறைக்குள் வந்ததற்குப் பாதிக் காரணம் இந்தப் பேனாதான்.

நிறத்தைப் பொறுத்தவரை மூன்று குடும்பங்களைச் சொல்லலாம். நீரில் கரையும் சாய மை பள்ளிப் பிள்ளைகளுக்கானது. சாராய மை தாளில் விரைவாக உலர்ந்து, ஒன்றின்மேல் ஒன்று படியும்போது இழைந்து கலக்கும். ஜப்பானின் டூ நிறுவனம் 1987இல் கொண்டுவந்த 'காப்பிக்' இந்த வகை. நகலெடுத்த தாளின் கறுப்புக் கோட்டைக் கரைக்காமல் மேலே நிறம் பூச முடிந்ததால் காமிக்ஸ் வரைபவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது, 1983இல் மிட்சுபிஷி பென்சில் நிறுவனம் வெளியிட்ட 'போஸ்கா' போன்ற நிறமி மை. ஒளி புகாத அடர்த்தி கொண்டது. கறுப்பின்மேலும் வெள்ளையாக எழுதும். தாளோடு நில்லாமல் சுவர், மரம், கண்ணாடி என்று எதன்மேலும் ஒட்டும். இங்கிலாந்தின் மிஸ்டர் டூடுல் என்ற சாம் காக்ஸ் தம் வீட்டின் சுவர், கூரை, படுக்கை, பாத்திரம் வரை உருவங்களால் நிரப்பி 2022இல் உலகச் செய்தியானார்.

அடர்ந்த படம் ஒன்றை மார்க்கரில் முடிப்பதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பென்சிலில் பெரிய அமைப்பு மட்டும் விழும். தெரு எங்கே வளைகிறது, கூட்டம் எங்கே கெட்டி, எங்கே இடைவெளி என்ற அளவுக்குத்தான். பிறகு முன்வரிசை ஆட்கள் நீர் புகாத கறுப்பு மையில் முழுதாக வருவார்கள். பின்வரிசை ஆட்கள் அவர்களுடைய தோளுக்குமேல் மிஞ்சிய இடத்தில் தலையாகவும் கையாகவும் முளைப்பார்கள். பின்னாலிருந்து முன்னால் வரையத் தொடங்கினால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும், மார்க்கரில் அழிப்பதற்கு வழியில்லை. நிறம் வெளிறியதில் தொடங்கி அடர்ந்ததில் முடியும். மஞ்சள் மேல் நீலம் போனால் பச்சையாகும், நீலத்தின் மேல் மஞ்சள் போனால் பேனா நுனிதான் அழுக்காகும். பக்கத்தில் பக்கத்தில் ஒரே சிவப்புச் சட்டை வந்துவிட்டால் இரண்டு உடல்கள் ஒன்றாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு நிறத்தையும் தாள் முழுதும் சிதறவிட்டு, பிறகு அடுத்த மூடியைத் திறப்பார்கள். இந்த வகைப் படங்களில் நிறம் தாள் முழுதும் துள்ளுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தச் சிதறல்தான்.

இத்தகைய படத்துக்கு மலேசியாவில் ஜொகூரைவிடப் பொருத்தமான களம் குறைவு. அதன் கூட்டமே அடுக்கடுக்காக வந்து சேர்ந்தது. 1855இல் தெமெங்கோங் டாயெங் இப்ராகிம் தஞ்சோங் புத்ரியில் குடியேற்றத்தைத் தொடங்கினார். 1866இல் அபு பக்கார் அதற்கு ஜொகூர் பாரு என்று பெயரிட்டார். மிளகும் கம்பீர்ச் செடியும் பயிரிட, ஆற்றோர நிலத்தை ஒரு சீனத் தலைவரின் பொறுப்பில் விடும் காங்சு முறையில் சீனர்கள் வந்தார்கள். ஜாலான் திரூஸில் இருக்கும் பழைய சீனக் கோயிலில் தியோச்சூ, ஹொக்கியன், ஹக்கா, காண்டனீஸ், ஹைனானீஸ் என்ற ஐந்து மொழிக் குழுவினரும் ஆளுக்கொரு தெய்வத்தை வைத்து வழிபடுகிறார்கள். சீனப் புத்தாண்டு முதல் மாதத்தில் அந்த ஐந்து தெய்வங்களும் ஒரே இரவில் நகர்வலம் வரும் சிங்கே ஊர்வலம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வருகிறது. ரப்பர் தோட்டங்களோடும் ரயில் பாதையோடும் தமிழர்கள் வந்தார்கள். கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான ரயில் பாதை 1909இல் முடிந்தது. நகரத்தின் ராஜமாரியம்மன் கோயில் 1911இல் எழுந்தது. 1923இல் ரயில் ஓடத் தொடங்கி 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட கடற்பாலம் சிங்கப்பூரை ஒட்டவைத்தது. அதிகாலையில் மோட்டார் சைக்கிள்கள் குடிநுழைவுச் சாவடியில் வரிசை கட்டி நிற்கும் காட்சி அன்றாடம்.

தெருப் பெயர்களே ஆட்களை அடையாளம் காட்டும். ஜாலான் டோபி சலவைத் தொழிலாளர்களின் தெரு. ஜாலான் தான் ஹியோக் நீ ஒரு காங்சுத் தலைவரின் பெயரில் இருக்கிறது. இஸ்தானா பெசார் அரண்மனையைக் கட்டிய வோங் ஆ ஃபூக்கின் பெயர் நகரின் முதன்மைச் சாலைக்கு. ஜாலான் உங்கு புவானின் லிட்டில் இந்தியாவில் தீபாவளிக்கு முந்திய வாரங்களில் பந்தல்கள் நிறைந்து, முறுக்கு, மருதாணி, சேலை, சினிமாப் பாட்டு எல்லாம் தோளோடு தோள் உரசும். வரைபவர் கற்பனை செய்ய வேண்டிய அவசியமே இல்லை. எதை விடுவது என்பதுதான் சிக்கல்.

தாளுக்கு வெளியே, இந்த நகரத்துத் தமிழர்கள் நிறத்தையும் நெரிசலையும் வேறொரு பொருளில் செய்து காட்டியிருக்கிறார்கள். 1922இல் சிறு கொட்டகையாகத் தொடங்கிய ராஜகாளியம்மன் கோயில், 2009இல் உள்ளும் புறமும் கண்ணாடித் துண்டுகள் பதித்த கண்ணாடிக் கோயிலாக மாறியது. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை, ஊதா, வெள்ளை என ஏறத்தாழ 3 லட்சம் துண்டுகள். பாங்காக்கின் வாட் அருண் கோயிலின் மினுமினுப்பைத் தலைமைக் குருக்கள் கண்டதே இதற்குத் தூண்டுதல் என்பார்கள். இதைக் கூட்டப் படம் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் ஒரு விரற்கடை வெற்றிடமும் விடக்கூடாது என்ற மனம் இரண்டுக்கும் பொது.

1965இல் ஜொகூரில் பிறந்த ஓவியர் ஜே. அனுரேந்திராவை இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். அவர் கருவி மார்க்கர் அல்ல, பெரும்பாலும் எண்ணெய் வண்ணம். மலேசியத் தமிழ்க் குடும்பத்தின் தாத்தா, பாட்டி, தெய்வங்கள், அரசியல்வாதிகள், திரை நாயகர்கள் எல்லோரும் அவர் படங்களில் ஒருவர் மடியில் ஒருவராக அமர்ந்திருப்பார்கள். தமிழ்க் கல்யாண மணவறையையே ஓவியங்களால் அமைத்துக் காட்சிக்கு வைத்தார். மலேசியத் தமிழர் வாழ்வு நவீன ஓவியத்தில் இவ்வளவு ஆள்திரளோடு வருவது அபூர்வம். அதற்கு உரிய கவனம் தமிழ் வாசகர்களிடம் இன்னும் கிடைக்கவில்லை.

ஜொகூர் பாருவில் வரையப்பட்ட படங்களில் உலகம் அறிந்தது ஒன்று உண்டு. அதில் இருப்பது இரண்டே ஆட்கள். லித்துவேனியாவில் பிறந்து பினாங்குச் சுவரோவியங்களால் புகழ்பெற்ற எர்னஸ்ட் சகாரெவிச் 2013 நவம்பரில் தாமான் மோலேக்கின் ஒரு கட்டட முனையில் இரண்டு லெகோ பொம்மைகளை வரைந்தார். கைப்பையோடு ஒரு பெண் சுவரின் ஒரு பக்கம் நடந்து வருகிறாள். முனையைத் திரும்பினால் மறுபக்கம் கத்தியோடு ஒரு வழிப்பறிக்காரன் நிற்கிறான். நகரின் குற்ற நிலவரத்தைப் பற்றி மக்கள் மெல்லப் பேசிக்கொண்டிருந்ததை அது உரக்கச் சொல்லிவிட்டது. திருடனுக்குப் பின்னால் கைவிலங்கோடு ஒரு காவலரை யாரோ சேர்த்தார்கள். சில நாட்களில் நகராண்மைக் கழகம் வெள்ளையடித்தது. அதற்குள் படம் இணையத்தில் பரவி, ஒட்டுத்தாளாகவும் சட்டையாகவும் நாடெங்கும் முளைத்திருந்தது. அழித்ததால்தான் அது நிலைத்தது என்று சொல்வது மிகையாகாது.

தாளில் உள்ள மார்க்கர் படங்களுக்கு வெள்ளையடிப்பவர் தேவையில்லை, வெளிச்சமே போதும். சாய மை மூலக்கூறுகள் புற ஊதாக் கதிரில் சிதையும். இளஞ்சிவப்பும் ஊதாவும்தான் பெரும்பாலும் முதலில் வெளிறும். ஜன்னலோரச் சுவரில் மாட்டினால் சில ஆண்டுகளிலேயே கூட்டத்தில் பாதிப் பேர் சட்டை நிறத்தை இழப்பார்கள். அருங்காட்சியகங்கள் இத்தகைய படங்களை 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியில், அதுவும் குறைந்த காலத்துக்கே காட்சிக்கு வைக்கின்றன. நிறமித் துகள்கள் கரையாமல் தாளில் படிவதால் அவை நெடுநாள் தாங்கும். ஜப்பானின் சக்குரா நிறுவனம் 1982இல் உருவாக்கிய பிக்மா மை கோட்டுப் பேனாக்களுக்கு அந்த உறுதியைக் கொடுத்தது. பத்திரிகைக் காலத்துக் கேலிச்சித்திரங்கள், மூலப் படம் மறைந்தாலும், அச்சில் தப்பின. இன்றைய மார்க்கர் படங்களுக்கு அந்தக் காப்பும் இல்லை. ஒரே ஒரு தாள், ஒரே ஒரு சுவர்.

ஆகவே ஜொகூரிலோ வேறெங்கோ தங்கள் தெருவின் கூட்டத்தை மார்க்கரில் வரைந்துகொண்டிருப்பவர்கள் கோடுகளையாவது நிறமி மையில் போடுவது நல்லது. முடித்த அன்றே நல்ல தெளிவில் ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். வெயில் படாத இடத்தில் அமிலமில்லாத உறைக்குள் வைக்க வேண்டும். தாளின் பின்பக்கம் இடத்தையும் தேதியையும், கூட்டத்தில் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவர் சம்மதத்தோடு பெயரையும், வரைந்தவர் தம் பெயரையும் தமிழிலேயே எழுதி வைக்க மறக்க வேண்டாம்.